நிரம்பி நின்ற வாய்க்கால்

அந்தச் சரளைக்கல் குழியில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் கிடையாது. தண்ணிக்காரன் என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். புதிதாக வருகிற லாரி டிரைவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, "சாயங்காலம் எங்களுக்கும் கொஞ்சம் ஊத்துவீங்களாண்ணே?" என்று கண்ணடிப்பார்கள். அவனோ டீயைத் தவிர வேறு எதையும் தொடாதவன். சும்மா சொல்லக்கூடாது, வேலையிலும் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் கடைசியில் வினையாகப் போயிற்று.

அவன் வேலை இதுதான். கல்லைத் தோண்டத் தோண்டக் குழிக்குள் நிலத்தடித் தண்ணீர் ஊறி வந்துகொண்டே இருக்கும். மோட்டார் போட்டு அதை வெளியேற்றாவிட்டால் மண் அள்ளும் மிஷின்கள் நீச்சல் பழக வேண்டியதுதான். வெளியே வருகிற தண்ணீரில்தான் கல்லைக் கழுவுவார்கள். கழுவிய சேற்றுத் தண்ணீர் பெரிய தொட்டிகளில் கிடந்து தெளிய வேண்டும். தெளிந்த பிறகு, குழிக்கும் பக்கத்துத் தெருவுக்கும் நடுவே வெட்டியிருக்கிற நீளமான வாய்க்காலில் அதை விட வேண்டும். அந்த வாய்க்கால் எங்கும் ஓடிப் போகாது. அதற்கு வாலும் இல்லை, வாசலும் இல்லை. அடியில் இருப்பது வெறும் சரளை. விட்ட தண்ணீர் அப்படியே மண்ணுக்குள் இறங்கி, குழி உறிஞ்சிக்கொண்டதைத் தெருக் கிணற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும். குழி தோண்ட அனுமதி கொடுத்தபோதே போட்ட நிபந்தனை அது.

வாய்க்காலுக்குக் குழியில் குடிகாரன் என்று பெயர். எவ்வளவு ஊற்றினாலும் இன்னும் கொண்டா என்பான். காலையில் கரை வரைக்கும் ஊற்றினால் மாலையில் பார்க்கும்போது அடி தெரியும். "உன் குடிகாரன் இன்னிக்கு எவ்வளவு அடிச்சான்?" என்று மானேஜர்கூடக் கேட்பார். தண்ணிக்காரனுக்கு இதில் உள்ளூர ஒரு குறை. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, காலியா கிடக்கு?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். நாள் முழுவதும் வால்வைத் திருகித் திருகிக் கை மரத்துப் போனவனுக்கு அந்தப் பேச்சு எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

போன கோடையில் தெளிய வைக்கும் தொட்டிகள் கழுத்துவரை சேறு கட்டிக்கொண்டன. அள்ளிப் போட மிஷின் வேண்டும். மிஷினோ லோடு ஏற்றுவதிலேயே மும்முரமாக இருந்தது. மானேஜரிடம் போய் நின்றான். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "கொஞ்ச நாள் எப்படியாவது சமாளிப்பா," என்று கையைக் காட்டிவிட்டார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. இவனுக்கு வந்த புத்தியைப் பாருங்கள். தொட்டிகளைச் சுற்றிக்கொண்டு போகிற குழாயின் வால்வைத் திறந்து, கல் கழுவிய சேற்றுத் தண்ணீரை நேராக வாய்க்காலுக்கு விட்டான். "மண்ணுக்குள்ள போற தண்ணிக்கு எதுக்குப்பா முகம் கழுவி பவுடர் போட்டு விடணும்? மண்ணே வடிகட்டிடும்," என்றான். டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மண் வடிகட்டத்தான் செய்தது. வடிகட்டுகிற துணியில் அழுக்கு எங்கே போகும் என்பதைத்தான் அவன் யோசிக்கவில்லை. மற்றவனை மன்னிக்கலாம். அக்காவின் சலவை வீட்டில் வளர்ந்த பயல் யோசித்திருக்க வேண்டாமா?

அந்தக் கோடை முடிவதற்குள் குடிகாரன் குடியை விட்டுவிட்டான். வாய்க்கால் கரை தொட்டு நின்றது. காலையிலும் தளும்பல், மாலையிலும் தளும்பல். எங்கிருந்தோ இரண்டு நீர்க்கோழிகள் வந்து குடித்தனம் பண்ணத் தொடங்கின. தண்ணிக்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை காலம் ஊற்றியதில் பூமிக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று மனதார நம்பினான். நிறைந்த பாத்திரத்தில் மேலும் மேலும் ஊற்றுவானேன் என்று, மிச்சத் தண்ணீரை அந்தப் பக்கம் ஓடைக்குத் திருப்பிவிட்டான். மானேஜர் வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து வாய்க்கால் கரையில் நிறுத்தி, "எல்லாம் இவன் கைவண்ணம்," என்று எல்லோர் முன்னாலும் அவன் முதுகில் தட்டினார். விஷயம் அன்றைக்கே அக்கா காதுக்குப் போயிற்று. அவள் அதைத் தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழியை ஒட்டிய தெருவில் கடைசி வீடு அவளுடையது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் விடுதிகளின் தலையணை உறையும் அவள் வீட்டுக்குத்தான் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அக்கா துவைப்பாள், அத்தான் இஸ்திரி போடுவார். அக்கா பேசுவாள், அத்தான் இஸ்திரி போடுவார். அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தது அவள்தான். குழியாட்களின் சீருடையைத் துவைத்து எடுத்துப்போகும்போதெல்லாம் மானேஜரின் மேசை முன்னால் நின்று, "என் தம்பிக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்க சார்," என்று நச்சரித்து நச்சரித்து, அந்த மனுஷன் தொல்லை தாங்காமல் கொடுத்த வேலைதான் இது.

அவர்கள் பிழைப்பு முழுக்கப் பின்கட்டுக் கிணற்றை நம்பித்தான். தெருவில் மற்ற வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் போதும். சலவைக்கு அது எந்த மூலைக்கு? அந்தக் கிணறுதான், வாய்க்கால் நிரம்பி நின்ற அதே காலத்தில், கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்க ஆரம்பித்தது. முதலில் மோட்டார் காற்றை இழுத்துக் குர்ர் என்று கத்தியது. பிறகு தண்ணீரோடு மணலும் வந்தது. பிறகு வந்தது தண்ணீரா டீயா என்று சந்தேகமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மூட்டை விரிப்பைத் திருப்பி அனுப்பினார்கள். வெள்ளைத் துணியெல்லாம் மஞ்சள் கறை. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியும் அனுப்பினார்கள். அக்கா அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். அதற்கு முன்னால் அவள் அழுது அவன் பார்த்தது அம்மா போனபோதுதான்.

அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. கோபப்பட ஒரு ஆள் வேண்டுமே. எதிர்வீட்டில் ரொட்டிக்கடைக்காரர் இருந்தார். முறைப்படி அனுமதி வாங்கி ஆழ்துளைக் கிணறு போட்டவர். அனுமதியில் ஒரு வரி உண்டு, பக்கத்துக் கிணற்றுக்குப் பாதகம் வந்தால் மூட வேண்டும் என்று. ஆழமான துளை என்பதால் அவர் வீட்டில் மட்டும் தண்ணீர் குறையாமல் கொட்டியது. போதாதா?

"ரொட்டிக்கு எதுக்குங்க இவ்வளவு தண்ணி? மாவைப் பிசையறீங்களா, குளிப்பாட்டறீங்களா?" என்று தெருவில் நின்று கேட்டாள் அக்கா.

ரொட்டிக்கடைக்காரர் சண்டை போடத் தெரியாத மனிதர். கையில் ஒட்டிய மாவைச் சுரண்டிக்கொண்டே, "நான் எடுக்கறது கொஞ்சம்தாம்மா," என்றார்.

"கொஞ்சமா? உங்க துளை பூமியோட அடிமடியில போய் உட்கார்ந்துக்கிட்டு உறிஞ்சுது!"

"குழிக்காரங்களும் இறைக்கறாங்களேம்மா..."

அவ்வளவுதான், அக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "குழியைச் சொல்லாதீங்க. என் தம்பி பாக்கற வாய்க்காலை வந்து எட்டிப் பாருங்க, கண் இருந்தா. தளும்பிக்கிட்டு நிக்குது. சொல்லுடா தம்பி!"

தம்பி பக்கத்திலேயே நின்றிருந்தான். "ஆமாண்ணே, வாய்க்கால்ல குறையே இல்லை," என்றான். அப்போது அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அக்கா அடுத்த நாளே தண்ணீர் ஆபீசில் மனு கொடுத்தாள்.

பிறகு குழியில் பெரிய மோட்டார் கருகிப் போயிற்று. கருகின கம்பிச்சுருளை மாற்றிக் கட்டி வரும் வரைக்கும் குழியின் அடித் தண்ணீருக்கு ஒரு பழைய மோட்டாரைப் போட்டு ஒப்பேற்றினார்கள். வாய்க்காலுக்கு ஒரு சொட்டு போகவில்லை. தண்ணிக்காரன் வேலையில்லாமல் கரையில் நின்று காது குடைந்துகொண்டிருந்தான். ஒரு நாள் போயிற்று. மறுநாளும் போயிற்று. வாய்க்கால் கரை தொட்டபடியே இருந்தது. நீர்க்கோழிகள் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன. அவனுக்கு மெல்ல உறைத்தது. ஊற்றாமலே எப்படி இது நிரம்பி நிற்கிறது? அரைநாளில் மொத்தத்தையும் குடித்துத் தீர்க்கிறவன், ஒரு விரல்கடை கூடக் குடிக்கவில்லையே!

ஒரு நீளக் கடப்பாரையை எடுத்துவந்து வாய்க்கால் அடியில் குத்தினான். சரளையில் மோதி 'ணங்' என்று சத்தம் வரவேண்டும். சத்தமே வரவில்லை. கடப்பாரை கொழகொழவென்று எதற்குள்ளோ இறங்கியது. இழுத்துப் பார்த்தால் நுனியில் சாம்பல் நிறக் களி, அல்வாவைப் போல அப்பிக்கொண்டு வந்தது. அவன் வெளிக்கரைப் பக்கம் போய், மண்வெட்டியால் வாய்க்கால் தண்ணீர் மட்டத்துக்கும் கீழே தோண்டினான். உடம்பெல்லாம் வேர்த்தது. தளும்புகிற தண்ணீருக்கு ஒரு கை தூரத்தில் சரளை காய்ந்து கிடந்தது. அள்ளி ஊதினான். தூசு பறந்தது.

"ஐயோ, அக்கா," என்று வாய்விட்டுச் சொன்னான்.

கல் கழுவிய சேறு கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, வாய்க்காலுக்கு அடியில் ஒரு தோல் போர்த்திவிட்டது. அது வாய்க்காலே இல்லை. சிமெண்டுத் தொட்டி. குழி ஒருபக்கம் தெருத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் ஒரு சொட்டும் திரும்பிப் போகவில்லை. மிச்சத்தை வேறு அவனே ஓடையில் விட்டிருக்கிறான். காலியாகக் கிடந்தவரைக்கும் வாய்க்கால் உயிரோடு இருந்தது. அது செத்துப்போன அன்றைக்குத்தான் ஊரே அதைப் பாராட்டியது. பாராட்டை வாங்கிக்கொண்டு இவன் பல்லைக் காட்டினான். தோண்டிய பள்ளத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

மானேஜரிடம் ஓடினான். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"எவ்வளவு நாள்ல சரிபண்ணலாம்?"

"தண்ணியை இறைச்சுட்டு, மிஷினை விட்டு அடியைச் சுரண்டி எடுத்துட்டாப் போதும் சார். பழையபடி குடிக்க ஆரம்பிச்சுடும்."

"அப்போ பண்ணிடு. மிஷின் தரேன். இவ்வளவுதானே, மூஞ்சியை ஏன் இப்படி வெச்சிருக்கே?" அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "ஆனா நாளைக்கு வேண்டாம். நாளைக்கு அந்த ரொட்டிக்கடை விஷயமா ஆபீஸ்ல இருந்து வராங்க. அவங்க பாக்கும்போது வாய்க்கால் காலியா இருந்தா நல்லாவா இருக்கும்? வந்துட்டுப் போகட்டும்."

"சார், அந்த ரொட்டிக்காரர் மேல தப்பே..."

"உன்னை யாராவது கேட்டாங்களா?" என்றார் மானேஜர், கோபமில்லாமல்.

அன்று மாலை அக்காவிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பித்தான் போனான். அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அதிகாரி வருவதைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினாள். "நீ இருக்கேங்கற தைரியத்துலதான்டா மனுவே குடுத்தேன். இல்லாட்டி பழியைக் குழிக்காரன் தலையில போடறதா, யார் தலையில போடறதான்னு குழம்பிக்கிட்டு நின்னிருப்பேன்," என்றாள். தட்டில் சோற்றைப் போட்டு, அவன் வேண்டாம் வேண்டாம் என்கிறபோதே இன்னொரு கரண்டி போட்டாள். உண்மை வாய்வரைக்கும் வந்தது. சோற்றோடு சேர்த்து விழுங்கினான். நாளைக்கு அதிகாரியிடமே நேராகச் சொல்லிவிடலாம், அதுதான் முறை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுந்து கை கழுவினான். கோழைக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்?

மறுநாள் வந்த அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. வீட்டுக் கிணறுகளும் துளைகளும்தான் அவர் பொறுப்பு, குழி வேறு இலாகா. ஆனாலும் கடமைக்கு வாய்க்காலைப் பார்க்க வந்தார். கூடவே அக்கா, ரொட்டிக்கடைக்காரர், மானேஜர். வெயிலில் தண்ணீர் பளபளவென்று மின்னியது.

"இப்போல்லாம் எப்பவும் இப்படித்தான் இருக்குமா?" என்று தண்ணிக்காரனைப் பார்த்துக் கேட்டார் அதிகாரி.

இதுதான் சமயம். வாயைத் திறந்தால் போதும். அவன் மானேஜரைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அக்காவின் முகம் பெருமையில் பூரித்திருந்தது. ரொட்டிக்கடைக்காரர் மட்டும் யாரையும் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க," என்றான். "காலையிலயும் சாயங்காலமும் நிறைஞ்சுதான் இருக்கும்."

பாருங்கள், அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை அவன் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை. அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார். அந்த வாரமே ஆட்கள் வந்து ரொட்டிக்கடைக்காரரின் துளைக்கு இரும்பு மூடி போட்டு சீல் வைத்தார்கள்.

சீல் வைத்த மறுநாளே குழியில் வாய்க்காலை இறைத்தார்கள். நீர்க்கோழிகள் கத்திக்கொண்டு எழுந்து பறந்தன. மிஷின் அடியைச் சுரண்டச் சுரண்ட, சாம்பல் நிறச் சேறு தோல் தோலாக உரிந்து வந்தது. பராமரிப்பு வேலை என்று ஒரு பலகையும் வைத்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. தொட்டிகளையும் தூர்வாரி, தெளிந்த தண்ணீரை அவன் கையாலேயே திறந்துவிட்டான். வாய்க்கால் மடக்மடக்கென்று குடித்தது. மாலையில் அடி தெரிந்தது. குழியாட்கள், "அட, குடிகாரன் மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்டா!" என்று கைதட்டினார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

தினமும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் ரொட்டிக்கடைக்காரரைப் பார்ப்பான். தெருமுனைக் குழாயில் கேன் கேனாகப் பிடித்துத் தள்ளுவண்டியில் வைத்து, மேட்டில் ஏற முடியாமல் தள்ளிக்கொண்டு வருவார். இடுப்பு வலிக்காரர். இரண்டடி தள்ளுவார், நிற்பார், இடுப்பில் கை வைப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஓடிப்போய் வண்டியைப் பிடித்து மேடு ஏற்றிவிட்டான்.

"நல்லா இருப்பே தம்பி," என்றார் அவர் மூச்சுவாங்க. "உங்க அக்கா என்மேல எவ்வளவு கோவமா இருக்காங்க, நீ வந்து கை குடுக்கறே பாரு. அதான் நல்ல மனசுங்கறது."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது. அதற்குப் பிறகு அவன் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனான். உதவி செய்யவும் திராணியில்லை, உண்மையைச் சொல்லவும் திராணியில்லை. கிணறு ஏறிவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பினான். அக்காவின் கோபம் இறங்கிவிடும், அவளே போய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வாள், மூடியைக் கழற்றிவிடுவார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாமலே போய்விடும். என்ன அழகான கணக்கு!

கிணறு ஏறத்தான் செய்தது. முதலில் மணல் நின்றது. பிறகு கலங்கல் நின்றது. ஒருநாள் காலையில் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில் அத்தான் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டு ஓடிவந்தார். ஒரு தலையணை உறை கருகிப்போனது. அக்கா அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? அந்த மனுஷன் துளையை மூடினதும் நம்ம கிணறு ஏறிடுச்சு! நான் சொன்னப்போ எல்லாரும் என்னை ராட்சசின்னீங்க!" தெருவுக்குப் போய் இதையே வீடு வீடாகச் சொன்னாள். தெருவும் ஆமாம் ஆமாம் என்றது. சந்தேகப்பட்டவர்கள்கூட இப்போது ரொட்டிக்கடைப் பக்கம் பார்த்து முணுமுணுத்தார்கள். சிலர் ரொட்டி வாங்குவதையே நிறுத்தினார்கள். ஆபீசிலிருந்து, மூடியது மூடியதுதான், இனித் திறக்க முடியாது என்று ரொட்டிக்கடைக்காரருக்குச் சொல்லிவிட்டார்கள். கிணறு ஏறியதே சாட்சி என்றார்களாம்.

தண்ணிக்காரனுக்கு இடி விழுந்தது போலாகிவிட்டது. திருட்டுத்தனமாகச் சரிபண்ணினான் அல்லவா, அந்தச் சரிபண்ணினதே இன்னொருத்தன் கழுத்தில் சுருக்காக விழுந்துவிட்டது. வாய்க்கால் எவ்வளவு நன்றாகக் குடிக்கிறதோ அவ்வளவுக்கு அக்கா கிணறு ஏறும். அக்கா கிணறு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுக்கு ரொட்டிக்கடைக்காரர் குற்றவாளி.

விடுமுறை நாளன்று அக்கா வீட்டில் பெரிய விரிப்புகளைப் பிழிவது அவன் வேலை. ஒரு முனையை அக்கா பிடிப்பாள், மறு முனையை அவன் பிடிப்பான், இருவரும் எதிரெதிர்ப் பக்கம் முறுக்குவார்கள். அப்படி முறுக்கிக்கொண்டிருந்தபோது ரொட்டிக்கடைக்காரர் பின்கட்டுக்கு வந்தார். கையில் சூடாக ஒரு ரொட்டிப் பொட்டலம். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்மா," என்றார். அக்கா முறுக்குவதை நிறுத்தாமலே, "சொல்லுங்க," என்றாள்.

"நான் கொஞ்சம்தான் எடுக்கறேன்னு உங்ககிட்ட வாயாடினேன். இப்போ துளையை மூடினதும் உங்க கிணறு ஏறிடுச்சு. அப்படின்னா உங்க தண்ணியைத்தான் நான் இத்தனை நாள் எடுத்திருக்கேன்." சூடான பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "உங்க துணி மஞ்சளாகி வந்தது, நீங்க அழுதது, எல்லாத்துக்கும் நான்தான் காரணம். சத்தியமா தெரிஞ்சு செய்யலைம்மா. மனசுல வெச்சுக்காதீங்க."

அக்காவின் முகம் இளகியது. ஜெயித்தவளுக்கு இளகுவது சுலபம். "விடுங்க, போனது போகட்டும். தெரியாம செஞ்சதுதானே," என்று பெருந்தன்மையாகச் சொன்னாள். "தம்பி, அவர்கிட்ட இருந்து அந்தப் பொட்டலத்தை வாங்குடா."

அவன் கையிலிருந்து விரிப்பின் முனை நழுவித் தரையில் விழுந்தது.

"அண்ணே, நீங்க எடுக்கலை," என்றான்.

யாருக்கும் புரியவில்லை. அவன் சொன்னான். வால்வைத் திறந்தது, சேறு படிந்தது, வாய்க்கால் நிரம்பி நின்றதன் அர்த்தம், சுரண்டியது, கிணறு ஏறியது, எல்லாவற்றையும் முன்னுக்குப் பின் உளறி உளறிச் சொன்னான். சொல்லும்போது அக்காவைப் பார்க்கவில்லை. ரொட்டிக்கடைக்காரர் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ... நான் எடுக்கலையா?"

"இல்லைண்ணே. ஒரு சொட்டு கூட உங்களால குறையலை."

"நான் எடுக்கலை," என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். பிறகு சிரித்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "தூக்கமே இல்லை தம்பி. அடுத்தவங்க பிழைப்பைப் பிடுங்கித் தின்னுட்டோமேன்னு என் சம்சாரத்துகிட்ட சொல்லிச் சொல்லி அழுதேன். நான் எடுக்கலை!" அவனைத் திட்டுவார் என்று அவன் காத்திருந்தான். அந்த மனிதருக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை.

இஸ்திரி மேசைப் பக்கமிருந்து அத்தான் வாய் திறந்தார். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற மனிதர்.

"இது உனக்கு எப்போ தெரியும்?"

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான்.

"அவர் துளைக்கு சீல் வைக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பின்னாடி என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. தெரியாமல் செய்த தப்பு என்று ஆகிவிடும், அக்காவே மன்னித்துவிடுவாள், சற்று முன்னால்தான் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது அந்தப் பொய்.

"முன்னாடி," என்றான். "அந்த ஆபீஸ் அம்மா கேட்டப்பவே தெரியும்."

எப்போதும் பேசுகிற அக்கா பேசாமல் நின்றது அவனை நடுங்க வைத்தது. கத்தட்டும், அறையட்டும், துடைப்பத்தை எடுக்கட்டும் என்று ஏங்கினான். அவள் தரையில் கிடந்த விரிப்பைச் சுருட்டி எடுத்து, மண் ஒட்டிய முனையைப் பார்த்துவிட்டு, மறுபடியும் அழுக்குத் தொட்டியில் போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். ரொட்டிக்கடைக்காரரின் முன்னால் போய் நின்றாள். அவள் வாய் கோணிக்கொண்டு போயிற்று.

"நாளைக்குக் காலையில ஆபீஸ் திறந்ததும் போயிடலாம்ங்க," என்றாள். "மனு குடுத்தவ நான். நானே வந்து தப்புன்னு எழுதிக் குடுக்கறேன். உங்க காலைப் பிடிக்கணும்னாலும் பிடிக்கறேன்."

"ஐயோ, என்னம்மா இது," என்று பதறி எழுந்தார் அவர்.

மறுநாள் மூன்று பேரும் போனார்கள். அக்காவும் ரொட்டிக்கடைக்காரரும் முன்னால் பேசிக்கொண்டே நடந்தார்கள். அவன் பின்னால் நடந்தான். முந்தின நாளிலிருந்து அக்கா அவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பஸ்ஸில் அவன் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அக்கா நின்றுகொண்டே வந்தாள். குழியில் வேலை போகும், மானேஜர் விடமாட்டார், அதெல்லாம் அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. அதைப் பற்றி நினைக்க அவனுக்கு நேரமே இருக்கவில்லை. பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் அக்கா சாய்ந்து விடாமல் கம்பியை இறுக்கிப் பிடிப்பதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆபீசில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"மனு குடுத்தது யாரு?"

"நான்தாங்க," என்றாள் அக்கா.

"யார் மேல?"

"இவர் மேல. இவர் எங்க எதிர்வீட்டு அண்ணன். தப்பு இவர் மேல இல்லைங்க."

அவர் நிமிர்ந்து, சற்றுத் தள்ளி நின்றிருந்தவனைப் பார்த்தார். "அப்போ அது யாரு?"

அக்கா திரும்பினாள். அவனை ஏற இறங்க ஒருமுறை பார்த்தாள், முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல.

"குழியில மோட்டார் போடறவர்," என்றாள். "உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம். கேட்டுக்குங்க."